குண்டாவுக்குள் ஒரு குரல்

பாம்பனில் எங்கள் வீட்டு முற்றத்தில் கருவாட்டைத் தரம் பிரிக்க உட்காரும்போதெல்லாம், அத்தை தம் கைப்பேசியை ஓர் எவர்சில்வர் குண்டாவுக்குள் நிறுத்தி வைத்துவிடுவார். குண்டாவின் சுவரில் பட்டு ஒலி பெருகி முற்றம் முழுவதும் கேட்கும். கை இரண்டும் உப்பும் செதிலுமாக இருப்பவருக்குத் திரையைப் பார்க்கவோ தொடவோ வழியில்லை. செவி மட்டுமே ஓய்வாக இருக்கிறது. இணையத்திலிருந்து எடுத்து வேண்டிய நேரத்தில் கேட்கும் பேச்சுப் பதிவான பாட்காஸ்ட் பிடித்துக்கொண்டது அந்த ஓய்வான செவியைத்தான்.

கேட்பது இக்கரைக்குப் புதிதன்று. மத்திய அலை வானொலி ஒலிபரப்பு உப்புநீரின் மேல் அதிகம் தேயாமல் நெடுந்தூரம் செல்லும் என்பதால், இலங்கை வானொலி எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் குரலாகவே இருந்தது. இரவில் பிபிசி தமிழோசைக்காக அப்பா சிற்றலையைத் திருகிக்கொண்டிருப்பார். அந்த வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது. அன்று நேரத்துக்கு நாம் கட்டுப்பட்டிருந்தோம். இன்று நேரம் நமக்குக் கட்டுப்படுகிறது.

பாட்காஸ்ட் என்ற சொல் 2004இல் பிறந்து, அடுத்த ஆண்டே ஐடியூன்ஸில் இடம்பிடித்தது. ஆனால் 2016இல் இணையக் கட்டணம் சரிந்த பிறகுதான் எங்கள் பக்கம் அது வந்து சேர்ந்தது. நொடிக்கு 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஏறத்தாழ 29 எம்பி போதும். கரையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் அறுந்த கடலிலும் தம்பி அதைக் கேட்டுக்கொண்டு போகலாம். ஆனால் நேற்றுப் பதிவானது இன்றைய காற்றைச் சொல்லாது. அதற்கு 2016இல் பாம்பனில் தொடங்கிய சமுதாய வானொலியான கடல் ஓசை 90.4 போன்ற நேரடிக் குரல் கட்டாயம் வேண்டும்.

என்னை உறுத்துவது வேறொன்று. ஒரே வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்த குடும்பத்தில் இப்போது ஆளுக்கொரு இயர்போன். நானும் தம்பியும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அன்று அவன் எதைக் கேட்டான் என்பது எனக்குத் தெரிவதில்லை. மேலும், நான் கேட்கும் தமிழ் பாட்காஸ்ட்களில் எங்கள் கடற்கரைப் பேச்சு அரிதாகவே ஒலிக்கிறது. திரைப்படமும் முதலீடும் போதுமான அளவு பேசப்படுகின்றன. வாடைக் காற்றும் கொண்டல் காற்றும் மீனின் போக்கை எப்படி மாற்றுகின்றன என்பதைப் பேச ஒருவரும் இல்லை.

ஆகவே அத்தையின் பேச்சை நானே பதிவு செய்யத் தொடங்கினேன். காற்று இரையாமலிருக்க ஒலிவாங்கியின் மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றினேன். முதல் பதிவை அத்தை அதே குண்டாவில் வைத்துக் கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் நால்வர் வேலையோடு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, "மதினி, நீங்க சொல்றது கச்சான் இல்ல, சோழகம்" என்று காற்றின் பெயரைத் திருத்தினார் ஒருவர். அத்தை பதிவை நிறுத்தச் சொல்லிவிட்டு வாதத்தில் இறங்கினார். நான் மறுபடியும் பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.