மலையில் வாங்கும் மின்சாதனமும் அதன் உண்மையான விலையும்

நுவரெலியாவிலோ அட்டனிலோ ஒரு மின்சாதனக் கடைக்குள் நுழைந்தால், கொழும்பிலுள்ள அதே நிறுவனத்தின் கிளையில் எழுதியிருக்கும் விலையே பெரும்பாலும் இங்கும் எழுதியிருக்கும். நாடெங்கும் ஒரே விலை என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொருள் இங்குள்ள குளிரிலும் ஈரத்திலும் இடியிலும் அதே வேலையைச் செய்யுமா, பழுதடைந்தால் அதே செலவில் திருத்திக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்த்தால், இரண்டுக்கும் சாதகமான பதில் கிடைப்பது அரிது. கொழும்பில் இருந்துகொண்டு யூடியூபில் விமர்சனம் செய்பவர் “கொடுத்த காசுக்குப் பெறுமதி” என்று சொல்லும் ஒரு பொருள், ஆயிரத்து எண்ணூறு மீற்றர் உயரத்தில் வாழும் ஒருவருக்கும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சுடுதண்ணீர் ஹீட்டரை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் எங்கள் பக்கத்தில் புதிதாக வீடு கட்டுபவர்கள் தொலைக்காட்சிக்கு அடுத்தபடியாக ஆசைப்படுவது அதற்குத்தான். குழாயில் வரும்போதே தண்ணீரைச் சூடாக்கும் சிறிய ஹீட்டர்களில் 3.5 கிலோவாட் அளவுள்ளவை விலை குறைந்தவை. கொழும்பில் தாங்கித் தண்ணீர் 27 பாகை செல்சியஸ் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், குளிப்பதற்கு இதமான 38 பாகைக்கு அதை உயர்த்த 11 பாகை போதும். அந்த ஹீட்டரால் நிமிடத்துக்கு நாலரை லீற்றர் அளவில் சுடுதண்ணீர் தர முடியும். நுவரெலியாவில் தை மாதத்துக் காலையில் தாங்கியில் இருப்பது 14 பாகைத் தண்ணீர் என்றால், உயர்த்த வேண்டியது 24 பாகை. அதே ஹீட்டர், அதே மின்சாரம், ஆனால் கிடைப்பது நிமிடத்துக்கு இரண்டு லீற்றரைச் சற்றே தாண்டிய நூல் போன்ற ஒழுக்குத்தான். ஹீட்டரில் எந்தக் குறையும் இல்லை. இருந்தும் அதன் பெறுமதி மலையேறும்போது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இதைக் கடையில் எவரும் சொல்வதில்லை.

அப்படியானால் 5.5 கிலோவாட் ஹீட்டரை வாங்கலாம் என்று தோன்றும். அது 230 வோல்ற்றில் ஏறத்தாழ 24 ஆம்பியர் இழுக்கும். சாதாரண வீட்டு இணைப்பு 30 ஆம்பியர் என்பதால் எஞ்சுவது ஆறு ஆம்பியர்தான். ஒருவர் குளித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் குசினியில் இரண்டு கிலோவாட் கேத்தலைப் போட்டால் எல்லை தாண்டிவிடும், பிரேக்கர் விழவும் கூடும். ஆகவே பெரிய ஹீட்டரின் விலையோடு தனி பிரேக்கரின் விலையையும், மெயின் பெட்டியிலிருந்து குளியலறை வரை தடித்த வயர் இழுக்கும் செலவையும், வயரிங் பாஸின் கூலியையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். சிறிய ஹீட்டரைக்கூட 13 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது, ஏனெனில் அந்தப் பிளக்கின் எல்லை மூன்று கிலோவாட் அளவில் முடிந்துவிடுகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயக் காம்பிராக்களில், பழைய வயர்களோடு, ஒரு இணைப்பிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போட்ட மின்சாரத்தில் இப்படியான சாதனத்தைப் பொருத்த நினைப்பவர்களிடம் நான் நேரடியாகவே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். மின்கசிவினால் லயங்கள் எரிந்த செய்திகளை நாம் வாசிக்காத ஆண்டு இல்லை.

உயரம் ரைஸ் குக்கரையும் விடுவதில்லை. நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால், பெட்டியில் எழுதியிருக்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டால் அரிசி வேகுவதற்கு முன்பே தண்ணீர் வற்றி சுவிட்ச் விழுந்துவிடும். கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விட்டால் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் 2022இல் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது அவசரமாக ரைஸ் குக்கர் வாங்கிய பலர், பருப்பையும் கடலையையும் அவிக்க பிரஷர் குக்கரையே நம்பியிருக்கிறார்கள், அது நியாயமும்கூட. விலைக்கு மேல் உழைக்கும் பொருள் ஒன்றைச் சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டால், மின்சாரமே தேவைப்படாத அந்தக் குக்கரைத்தான் முதலில் சொல்வேன்.

இடி மின்னல் இன்னொரு வகையான கணக்கு. பங்குனி, சித்திரையிலும், பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் வரும் இடைப்பருவ மழைக்காலங்களில்தான் எங்கள் பக்கம் பிற்பகல் இடி அதிகம். தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கிடைப்பதும், தொலைக்காட்சிகள் விற்றுத் தீர்வதும் சரியாக அந்த இரண்டாவது பருவத்தில்தான். புதிய தொலைக்காட்சி சுவரில் ஏறிய சில வாரங்களுக்குள் மின்னல் அடித்து அதன் போர்ட் கருகிப்போவது ஒவ்வொரு வருடமும் எங்காவது நடக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் வொரண்டி அட்டையைப் பிரித்துப் பார்த்தால், மின்னலாலும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வாலும் ஏற்படும் சேதங்களுக்குப் பொறுப்பில்லை என்று சிறிய ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மூன்று ஆண்டு வொரண்டி என்று கடையின் முகப்பில் பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பது, இங்கு தொலைக்காட்சிகள் பழுதாகும் முக்கியமான காரணத்தை விலக்கிவிட்டு மிச்சத்துக்குக் கொடுக்கும் உறுதிமொழியாகும். மழை இருட்டும்போது பிளக்கைக் கழற்றுவதோடு டிஷ் அன்டெனாவின் வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்தப் பொருட்களைப் பெரும்பாலானோர் ரொக்கமாக வாங்குவதில்லை. 60,000 ரூபாய்ப் பொருளை மாதம் 6,000 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டச் சொன்னால், 12,000 ரூபாய்தானே வட்டி, அதாவது 20 வீதம்தானே என்று நினைக்கிறோம். கடன் மாதந்தோறும் குறைந்துகொண்டே போவதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 35 வீதம். தவணைக்கு வாங்குவதை நான் குறை சொல்லவில்லை, வேறு வழியில்லாதபோது அதுவே வழி. ஆனால் மின்னலில் போன தொலைக்காட்சிக்கும் தவணையைக் கட்டி முடிக்கத்தான் வேண்டும்.

வாடிக்கையாளர் சேவை என்று சொல்லப்படுவதில்தான் மலையகத்துக்கும் கொழும்புக்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது. எங்கள் வீட்டு ஹீட்டர் வொரண்டிக் காலத்துக்குள்ளேயே வேலை செய்யாமல் போனபோது, வாங்கிய கடைக்கே தூக்கிச் சென்றேன். கவுண்டரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார்: “சேர், இத நாங்க தொறக்க ஏலாது. தொறந்தா வொரண்டி போயிரும். கொழும்புக்குத்தான் அனுப்பணும்.” எப்போது திரும்பி வரும் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை, பதில் சொல்லும் அதிகாரத்தை அவருக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை. தலைமை அலுவலகத்துக்கு அழைத்தால் தமிழுக்கு ஓர் எண்ணை அழுத்தச் சொல்கிறார்கள், அழுத்திக் காத்திருந்தால் தமிழ் பேசும் ஒருவர் வந்து முறைப்பாட்டு இலக்கம் ஒன்றைத் தருகிறார். ஹீட்டரைப் பற்றித் தெரிந்த தொழினுட்பவியலாளரிடம் இணைக்கச் சொன்னால், அவரோடு சிங்களத்தில் பேச வேண்டியிருக்கிறது. எனக்குச் சிங்களம் வரும். வராத முதியவர்கள் பேரப்பிள்ளைகளை விட்டுப் பேசச் சொல்கிறார்கள்.

எனக்காவது அலைவதற்கு நேரம் இருந்தது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண் பழுதான போனைக் கண்டியிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டுமானால், அவருக்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் வேலையும் சம்பளமும், போய்விடும். அந்த நாட்சம்பளத்தையும் பஸ் செலவையும் சேர்த்து, ஒப்படைக்க ஒரு முறை, எடுக்க ஒரு முறை என்று இரண்டால் பெருக்கிப் பாருங்கள். “இலவசத் திருத்தம்” என்பதன் விலை தெரியும். மாலை நான்கு மணிக்கு மூடும் ஒரு கவுண்டரைச் சேவை என்று அவர் எப்படி ஏற்றுக்கொள்வார்?

ஆகவே நான் எதை வாங்கினாலும் முதலில் போவது அட்டன் டவுனில் உள்ள திருத்துநரிடம். இந்த மாதிரிக்கு உதிரிப்பாகம் கிடைக்குமா, நீங்கள் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா என்ற இரண்டு கேள்விகளையும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன். அண்ணன் உதட்டைப் பிதுக்கினால், எவ்வளவு கழிவு கொடுத்தாலும் அந்த மாதிரியை வாங்குவதில்லை. பெயர்பெற்ற நிறுவனத்தின் புதிய மாதிரியை விட, ஐந்து வருடமாக ஊரெல்லாம் பாவிக்கும் பழைய மாதிரி எங்களுக்கு லாபமானது என்பதை அவருடைய மேசையில் குவிந்திருக்கும் போர்டுகளே காட்டுகின்றன. போன்களுக்கும் இதே விதிதான். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானபோது அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த கைத்தொலைபேசிகளும் வரிக்குள் வந்ததால், பில் இல்லாமல் குறைந்த விலைக்கு விற்கும் போன்களின் மீது ஆசை கூடியிருக்கிறது. காசைக் கொடுப்பதற்கு முன், அது பதிவான போன்தானா என்று, போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ இலக்கத்தை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பில்லைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, நாம் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தந்தே ஆக வேண்டும். வாங்கிய பொருளைப் பற்றிய முறைப்பாட்டை, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. “கொழும்புக்கு அனுப்பியிருக்கிறோம், அடுத்த கிழமை வாங்க” என்று கடை சொல்வதை நம்பிக் காத்திருக்கும் வாடிக்கையாளருக்கு அந்த மூன்று மாதம் ஓடிப்போவதே தெரியாது. எங்கள் ஹீட்டருக்காக நான் கச்சேரியிலுள்ள (மாவட்டச் செயலகத்திலுள்ள) அதிகார சபையின் அலுவலகத்துக்குத் தமிழிலேயே கடிதம் எழுதி, பில்லின் பிரதியையும் கடை தந்த துண்டையும் இணைத்துக் கொடுத்தேன். கடிதத்தின் பிரதி ஒன்றைக் கடையிலும் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் ஹீட்டர் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு கவுண்டரில் ஒரு பதில் கிடைத்தது. அதை அவர்கள் இன்னும் கொழும்புக்கு அனுப்பவே இல்லை.