உப்புத்தண்ணீர் டேங்க்கில் பாசி: எல்லாப் பழுப்பும் ஒன்றல்ல

என் டேங்க் 150 லிட்டர். உலர்ந்த செயற்கைப் பாறை, அரகோனைட் மணல், ஒரு ஜோடி க்ளவுன் மீன், கழிவை நுரையாக்கி எடுக்கும் சின்ன ஸ்கிம்மர், தண்ணீரை ஓடவைக்கும் இரண்டு வேவ்மேக்கர். பவளம் கிடையாது. பாறை கட்டும் கடினப் பவளங்கள் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் பெயர்த்தெடுத்த, உயிர்கள் குடியிருக்கும் லைவ் ராக்கும் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அதற்கு ஒரு விலை உண்டு. செயற்கைப் பாறையில் எந்த உயிரும் குடியிருப்பதில்லை. வெறும் இடம் கிடக்கிறது, முதலில் வருகிற பாசி பிடித்துக்கொள்கிறது.

புது டேங்க்கில் பாக்டீரியா நிலைபெற்று அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கியதும் மணல் மேல் பழுப்புத் தூசு படிந்தது. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி கலைந்து போனது. டையட்டம் என்ற நுண்பாசி. இதற்கு ஓடு கட்ட சிலிக்கா வேண்டும். அது மணலிலிருந்தும் வரும், நாம் ஊற்றுகிற தண்ணீரிலிருந்தும் வரும். சென்னை வெயிலுக்குச் சில்லர் வாங்காமல் ஃபேன் வைத்துக் குளிர்விக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தினமும் நிறைய ஆவியாகும். போவது சுத்தமான தண்ணீர் மட்டும்தான். ஈடுகட்ட ஊற்றுவதில் என்ன கலந்திருந்தாலும் டேங்க்கிலேயே சேர்ந்துகொண்டு போகும். குடிக்கிற ஆர்.ஓ. மெஷின் தண்ணீர் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலான மெஷின்களில் சுவைக்காக டி.டி.எஸ்ஸை (கரைந்த உப்புகளின் அளவை) கொஞ்சம் ஏற்றியே வைத்திருப்பார்கள். எனவே ஆர்.ஓ.வுக்குப் பிறகு, மிச்ச உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் கட்டாயம். டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ரெசின் தீரும் தறுவாயில் முதலில் நழுவி வருவதே சிலிக்காதான், அதை மீட்டர் சரியாகப் பிடிக்காது. டையட்டத்துக்கு நான் வேறெதுவும் செய்யவில்லை. சிலிக்கா தீர்ந்ததும் தானாகவே அடங்கியது.

அடுத்து மணலில் கருஞ்சிவப்புத் திட்டுகள். ஓரத்தைத் தூக்கினால் தோல் உரிவது போல முழுசாக வந்தது, அடியில் குமிழ்கள். இது சயனோ. இதைப் பாசி என்றே சொல்கிறோம், ஆனால் ஒளிச்சேர்க்கை செய்கிற பாக்டீரியா இது. தண்ணீர் ஓட்டம் மந்தமான மூலையில்தான் வந்திருந்தது. மெல்லிய ட்யூபால் உறிஞ்சி எடுத்தேன், ஒரு வேவ்மேக்கரை அந்தப் பக்கம் திருப்பினேன், தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அதே இடத்தை உறிஞ்சினேன். இரசாயனம் எதுவும் போடவில்லை. சயனோ மொத்தமாகச் செத்தால் அழுகும்போது ஆக்ஸிஜன் சட்டென்று குறையும், சின்ன டேங்க்கில் மீன் மூச்சுத் திணறும்.

இந்தச் சமயத்தில்தான் நண்பர் ஒருவர் தன் டேங்க் படத்தை அனுப்பினார். அதே பழுப்பு, அதே குமிழ்கள். ‘உனக்கு வந்ததுதானே, சும்மா விட்டா போயிடுமா?’ என்று கேட்டார். படத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு சொட்டைப் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, இரண்டு டேங்க்கின் பழுப்பையும் சாதாரணப் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். என்னிடம் மிஞ்சியிருந்தது படகு வடிவத்தில் மெதுவாக நகர்ந்தது. அவருடையது கண்ணீர்த்துளி வடிவம். ஒரு முனையில் கட்டிப்போட்ட மாதிரி அந்த இடத்திலேயே சுழன்றது. ஆஸ்ட்ரியாப்ஸிஸ், டைனோஃப்ளஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வகை, சுருக்கமாக டைனோ. அவருடைய நத்தைகள் ஏன் ஒவ்வொன்றாகச் செத்தன என்பதும் அப்போது புரிந்தது, அதில் நச்சு உண்டு.

வைத்தியம் நேர் எதிராக இருப்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். அவர் டேங்க்கில் நைட்ரேட், பாஸ்பேட் என்ற சத்துகள் இரண்டுமே பூஜ்யம். மற்ற உயிர்கள் பட்டினி கிடக்க, டைனோவுக்குப் போட்டியே இல்லை. பழுப்பைக் கண்டு இன்னும் சுத்தம் செய்தால் அது இன்னும் பெருகும். அவர் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, தீவனத்தைக் கூட்டி, இரண்டும் டெஸ்ட் கிட்டில் தெரியும் அளவுக்கு ஏற்றினார். ஆஸ்ட்ரியாப்ஸிஸ் இரவில் மணலை விட்டுத் தண்ணீருக்குள் கிளம்பும் என்பதால், தண்ணீரில் மிதப்பதைக் கொல்லும் யு.வி. விளக்கும் போட்டார். இப்போது மணல் தெளிந்து வருகிறது. மணலுக்குள்ளேயே கிடக்கிற ஆம்ஃபிடினியம் என்ற டைனோ வகையாக இருந்திருந்தால் யு.வி. பெரிதாக உதவியிருக்காது. மைக்ராஸ்கோப் இல்லாமல் எந்த மருந்தையும் வாங்காதீர்கள் என்பேன்.

என் பக்கம் இப்போது பச்சை முடிப்பாசி முறை. ஒரு இழையைப் பிடுங்கி, வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். நடுத்தண்டும் இருபுறமும் இறகு போன்ற கிளைகளும் இருந்தால் ப்ரையாப்ஸிஸ், அதை நத்தைகள் பெரும்பாலும் தொடாது. எனக்கு வந்தது வெறும் இழை, ஆறுதல். நைட்ரேட் 20 பிபிஎம் பக்கம், பாஸ்பேட்டோ 0.03 மட்டுமே. அந்தக் குறைந்த எண்ணை நான் நம்பவில்லை. வருகிற பாஸ்பேட்டைப் பாசியே உடனுக்குடன் தின்றுவிடுகிறது. கிட் காட்டுவது அது தின்றது போக மிச்சம். உலர்ந்த பாறையும் தன்னுள் பிடித்துவைத்த பாஸ்பேட்டை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருக்கும்.

அதனால் கைவேலைதான் முதல். தண்ணீர் மாற்றும் நாளில் உறிஞ்சிய பழைய டேங்க் தண்ணீரையே பக்கெட்டில் பிடித்து, பாறையை அதற்குள் வைத்து டூத் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். டேங்க்குக்குள் தேய்த்தால் துணுக்குகள் பரவி இன்னொரு பாறையில் முளைக்கும். உறைந்த தீவனத்தைக் கரையவிட்டு, வடிகட்டி, அலசிவிட்டுப் போடுகிறேன். விளக்கு நேரத்தை 6 மணி நேரமாகக் குறைத்தேன். டேங்க்குக்குக் கீழே உள்ள சம்ப் தொட்டியில் தனி விளக்கின் கீழ் கீட்டோமார்ஃபா என்ற பாசி வளர்கிறது, அது வளர வளர மேல் டேங்க்கில் முடிப்பாசிக்குச் சாப்பாடு குறைகிறது. பாஸ்பேட்டை இழுக்கும் இரும்பு ஆக்சைடு குருணைகள் கையில் இருக்கின்றன, இன்னும் போடவில்லை. பூஜ்யத்துக்குப் போனால் என்ன வரும் என்று நண்பர் டேங்க்கிலேயே பார்த்துவிட்டேனே.

பிடுங்கிய பாசியையும் வெட்டிய கீட்டோவையும் கடலிலோ கழிமுகத்திலோ கொட்டாதீர்கள், வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். 90-களில் வளர்ப்புக்காக ராமேஸ்வரம் அருகே மண்டபம் பக்கம் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்கள் மேல் படர்ந்திருப்பது 2008-ல் பதிவானது. நம் ஊர்க் கடலில் நடந்தது இது.

டேங்க்கைப் போட்டு மாதக்கணக்கு ஆகிவிட்டது. பாறையின் பின்பக்கம் கொரலைன் என்ற சுண்ணாம்புப் பாசி ஊதாப் புள்ளிகள் வைத்திருக்கிறது. அது பரவினால் முடிப்பாசிக்கு இடம் குறையும் என்பதால், அது வளரத் தேவையான ஆல்கலினிட்டியை (காரத்தன்மையை) ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்துக்கொள்கிறேன். பாசி தின்னும் சர்ஜன் மீன் ஒன்று விடச் சொல்கிறார்கள், 150 லிட்டர் அதற்குப் போதாது. டர்போ நத்தைகளே போதும். முடிப்பாசி குறையக் குறைய அவைதான் பட்டினி கிடக்கின்றன, இந்த வாரத்திலிருந்து நோரி என்ற உலர்ந்த கடற்பாசித் தாளின் துண்டு ஒன்றைக் கல்லில் கட்டிக் கொடுக்கிறேன்.