பி0107 காட்டியபோது

என் காரில் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0107 என்ற பழுதுக் குறியீடு வந்தது. உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் மின்னழுத்தம் மிகக் குறைவு என்பதே அதன் பொருள். சென்சாரையே மாற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். ஆனால் இக்குறியீடு சுட்டுவது மின்சுற்றை. சென்சார் அதில் ஒரு பகுதி மட்டுமே.

எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், கடல்மட்டத்தை ஒட்டிய சென்னையில் ஸ்கேனர் வெளிக்காற்றின் அழுத்தமான ஏறத்தாழ 100 கிலோபாஸ்கலைக் காட்ட வேண்டும். எனக்கு 12தான் காட்டியது. இணைப்பியைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தபோது, 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் எதுவுமே வரவில்லை. கம்பியைப் பின்தொடர்ந்து தடவிக்கொண்டே போனேன். இரும்புப் பட்டையில் உரசி உறை தேய்ந்த இடத்தில், செம்பு பச்சையாகப் பூத்து அறுந்திருந்தது. பற்றவைத்து உறையிட்டுக் குறியீட்டை அழித்தேன். இப்போது ஐடிலில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, இயல்பான 34 கிலோபாஸ்கல், பழைய சென்சாரேதான்.