ரெண்டு கட்டுக் கரும்பு

"ரெண்டு கட்டுத் தள்ளி விடுங்கண்ணா, போயிரலாம்." கரும்பு லாரி டிரைவரிடம் இப்படிச் சொன்னது நான்தான். அவர் தயங்கத்தான் செய்தார்.

சத்தியமங்கலம் போகும் காட்டு ரோட்டில், காரப்பள்ளம் சோதனைச்சாவடி தாண்டி, ஆசனூருக்கு முன்னால். எங்கள் பஸ்ஸுக்கு முன்னே லாரி, லாரியை மறித்து ஒரு பெண் யானை, அதன் வயிற்றுக்கடியில் குட்டி. முக்கால் மணி நேரமாக நிற்கிறோம். நாலாவது சீட்டில் ஒரு அம்மா, மடியில் காய்ச்சலில் துவண்ட பையன். "கண்டக்டருங்க, சத்தி ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குப் போகும்?" மூன்றாவது முறை கேட்டபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் இன்னும் பாக்கி. லாரிக்காரருக்கும் அவசரம்தான். 2022-ல் சரக்கு லாரிகளுக்கு இரவுத் தடை வந்த பிறகு, சாயங்காலம் ஆறு மணிக்குள் அடிவாரத்துப் பண்ணாரிக்கு இறங்காவிட்டால் விடியும்வரை நிற்க வேண்டும்.

அவர் மேலே ஏறிக் கயிற்றைத் தளர்த்தினார். யானை ஒரு கரும்பைக் காலால் மிதித்து, தும்பிக்கையால் ஒடித்து வாயில் வைத்தது. சிதறிய துண்டைக் குட்டி எடுக்கப் பார்த்தது. சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை; நழுவவிட்டு, மறுபடி சுற்றி, மறுபடி நழுவவிட்டது. பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கரும்பு ருசியை நான் பழக்கவில்லை. சோதனைச்சாவடியில் உயரம் மீறிய லாரிகளிலிருந்து கழித்த கரும்பை ரோட்டோரம் போட்டுப் போட்டே யானைகள் அங்கே வரப் பழகியிருந்தன. நாளுக்கு 150 கிலோ தின்கிற உயிருக்கு ரெண்டு கட்டு எம்மாத்திரம்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தாய்க்குப் பழக்கம் இருந்தது, சரி. குட்டிக்கு?

ஆசனூரில் வனக்காவலர் லாரியை நிறுத்தினார். விஷயம் அதற்குள் எட்டியிருந்தது. "இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா அதுவே காட்டுக்குள்ள போயிருக்குமுங்க. இனி அந்தக் குட்டியும் லாரியப் பார்த்தா ரோட்டுக்கு வரும். எதுலயாவது அடிபட்டா யாருங்க பொறுப்பு?" அபராதம் என்றார். டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பஸ் படியில் நின்றிருந்தேன். 'நான்தான் போடச் சொன்னேன்' என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. பையன் முனகுகிற சத்தம் கேட்டது. விசில் அடித்தேன். பஸ் கிளம்பியது.

பையனுக்காகத்தான் அடித்தேன் என்று முதலில் உறுதியாக நம்பினேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. சத்தியில் இறங்கும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கும்பிட்டார். அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான் என்று தெரியாது.

அதே இடத்தில் போன மாதம் ஒரு இளம் யானையைப் பார்த்தேன். ரோட்டோரம் நின்று, போகிற லாரிகளின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் குட்டிதானா என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.

லாரிக்காரர் இன்னும் அந்த ரூட்டில்தான் ஓட்டுகிறார். எதிரே வந்தால் லைட் அடித்துக் காட்டுவார். நானும் கை தூக்குவேன்.