41 டெஸ்ட், 39 ஃபெயில்: ப்ராஜெக்ட் வைவாவுக்குப் போகும் ஜூனியர்களுக்கு

ரிசல்ட் நேற்று வந்தது. ப்ராஜெக்டில் ஏ ப்ளஸ். அதற்கும் மேலே இருக்கும் ஓ கிரேடு வந்திருக்க வேண்டியது. இரண்டாம் ரிவ்யூவில் விட்ட மார்க் கடைசிவரை கைக்கு வரவில்லை. ஏன் விட்டோம் என்பதை ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ரிவ்யூ எத்தனை, ரிப்போர்ட் எந்த ஃபார்மட் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நாங்கள் மூன்று பேர் செய்தது, கமாண்ட் லைனில் ஓடும் ஒரு டூல். சர்வரின் முகவரியும் போர்ட்டும் கொடுத்தால், அந்த சர்வர் எச்டிடிபி 1.1 (ப்ரவுசரும் வெப் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) விதிப்படி நடக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். விதிகளை 2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி (இணைய விதிகளை எழுதிவைக்கும் ஆவணம்) 9112, 9110 இரண்டிலிருந்தும் எடுத்தோம். ரிக்வெஸ்ட்டின் தொடக்கத்தில் வரும் தகவல் வரிகள்தான் ஹெடர்கள்; எந்தத் தளம் வேண்டும் என்று சொல்வது ஹோஸ்ட் ஹெடர். அது இல்லாமல் ஒரு 1.1 ரிக்வெஸ்ட் வந்தால் சர்வர் 400, அதாவது 'ரிக்வெஸ்ட் தப்பு' என்ற பதில், அனுப்பியே ஆக வேண்டும். ஹெடர் பெயருக்கும் முக்காற்புள்ளிக்கும் நடுவில் இடைவெளி இருந்தாலும் 400. இப்படி 41 விதி, 41 டெஸ்ட்.

ரெடிமேட் லைப்ரரி பெரும்பாலும் இதற்கு உதவாது. நீங்கள் ஹோஸ்ட் போடாமல் விட்டால் அதுவே பெரிய மனசோடு போட்டு அனுப்பிவிடும். தப்பான ரிக்வெஸ்ட்டைத் தப்பாகவே அனுப்ப வேண்டுமென்றால் நேரடியாக சாக்கெட்டில்தான், அதாவது சர்வரோடு இருக்கும் இணைப்பில் பைட் பைட்டாக, எழுத வேண்டும். நாங்கள் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வைத்து, அதைப் படித்து அப்படியே சாக்கெட்டில் தள்ளினோம். அங்கேதான் வினை.

ரிவ்யூ அன்று காலையில் டீம்மேட் எல்லா ஃபைலையும் திறந்து, கமென்ட்டில் இருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தி சேவ் செய்தான். அவன் எடிட்டரில், சேவ் செய்யும்போது ஃபைலின் கடைசியில் இருக்கும் காலி வரிகளை நீக்கும் செட்டிங் ஆன். எச்டிடிபியில் ஹெடர்கள் முடிந்தன என்று சொல்வதே அந்தக் காலி வரிதான். பைட்டாகப் பார்த்தால் 13, 10, 13, 10. அது போனதும் சர்வர் 'இன்னும் ஏதோ வரப்போகிறது' என்று காத்திருக்கிறது. எங்கள் டூல் 'பதில் வரப்போகிறது' என்று காத்திருக்கிறது. கல்யாண வீட்டு வாசலில் 'நீங்க முதல்ல, நீங்க முதல்ல' என்று இரண்டு பேர் நிற்பதுபோல.

டைம்அவுட், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் வரம்பு, 5 விநாடி. 39 டெஸ்ட் இப்படி நின்றது. 195 விநாடி, அதாவது மூன்றேகால் நிமிடம், ப்ரொஜெக்டரில் சிவப்பு எழுத்து ஒவ்வொரு வரியாக இறங்க, பேனல் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றேன். முடிவில் '39 ஃபெயில், 2 பாஸ்'.

பேனலில் இருந்த மேடம் கேட்டார்: "ஏம்மா, சர்வர் பதிலே சொல்லலை. அது விதியை மீறிடுச்சுன்னு உன் டூல் எப்படிச் சொல்லுது?"

என்னிடம் பதில் இல்லை. துப்பு திரையிலேயே இருந்தது என்பது அன்று இரவுதான் உறைத்தது. பாஸான இரண்டும், ரிக்வெஸ்ட்டின் முதல் வரியே தப்பாக இருக்கும் டெஸ்ட்கள். அந்த வரியைப் படித்ததுமே சர்வர் 400 அனுப்பிவிட்டது, காலி வரிக்குக் காத்திருக்கவில்லை.

ஆகவே இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்: பதில் இரண்டு அல்ல, மூன்று. பாஸ், ஃபெயில், முடிவில்லை (இப்படியோ அப்படியோ தீர்ப்புச் சொல்ல முடியாது). இது நான் கண்டுபிடித்தது இல்லை. ஐஎஸ்ஓ 9646 என்று இதற்கென்றே ஒரு தரநிலை இருக்கிறது, அதிலும் தீர்ப்பு மூன்றுதான். டைம்அவுட், இணைப்பு மறுப்பு, நம் பக்கத்துக் கோளாறு எல்லாம் மூன்றாவது கணக்கில் போகும். ஃபெயில் என்று எழுத, சர்வர் செய்த தப்பு கையில் பைட்டாக இருக்க வேண்டும்.

அதற்கப்புறம் நாங்கள் மாற்றியவை:

- 41 டெஸ்ட்டுக்கும் முன்னால், ஒரு குற்றமும் இல்லாத சாதாரண ரிக்வெஸ்ட் ஒன்று. அதற்கே பதில் வராவிட்டால் டூல் அங்கேயே நின்றுவிடும். இதை முதலிலேயே வைத்திருந்தால் அன்று மூன்றேகால் நிமிடம் ஐந்து விநாடியாகியிருக்கும்.
- டெக்ஸ்ட் ஃபைல் கிடையாது. பைட்டுகள் கோடிலேயே.
- எக்ஸிட் கோட் (டூல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்): எல்லாம் பாஸ் என்றால் 0, ஃபெயில் இருந்தால் 1, ஓடவே முடியவில்லை என்றால் 2. முன்பு எது நடந்தாலும் 0தான். வெட்கக்கேடு.
- அனுப்பியது, வந்தது இரண்டையும் ஹெக்ஸில் (பைட் பைட்டாக எண்களில்) லாக் செய்வது.
- ஹெட் மெதடுக்கு (உள்ளடக்கம், அதாவது பாடி, வேண்டாம், ஹெடர் மட்டும் போதும் என்று கேட்பது) தனிக் கவனம். பதிலில் பாடியின் நீளம் சொல்லும் கன்டென்ட்-லெங்த் இருக்கலாம், பாடி வராது. அந்த எண்ணை நம்பிப் படிக்க உட்கார்ந்தால், இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் சர்வரிடம் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு நாள் போனது.
- மஸ்ட் (கட்டாயம்), ஷுட் (பரிந்துரை) இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஷுட் மீறினால் எச்சரிக்கை மட்டும். அந்தச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் ஆர்எஃப்சி 2119-ஐ ப்ரின்ட் எடுங்கள், சின்னதுதான். பெரிய எழுத்தில் இருந்தால்தான் அந்தப் பொருள் என்று 2017-இல் 8174 வந்து தெளிவாக்கியது. வைவாவில் இதைக் கேட்டார்கள்.

எனக்குத் தனியாக, ராத்திரியில், காகிதத்தில் குறித்துக்கொண்டுதான் வேலை ஓடும். ஒவ்வொரு விதியின் மூல வாக்கியத்தையும் நோட்டில் கையால் எழுதி, யார், யாரிடம், எப்போது என்று மூன்று சொல்லை அடிக்கோடிட்டேன். கூட்டமாக உட்கார்ந்து படிப்பவர்களுக்கு இது சரிவராமல் போகலாம். ஆனால் வைவாவில் என்னைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான்.

வைவா டெமோவுக்கு, பைத்தானோடு கூடவே வரும் சின்ன சர்வரை வைத்திருந்தோம். ஹோஸ்ட் இல்லாமல் கேட்டாலும் 200, அதாவது 'சரி' என்ற பதில், கொடுத்தது. டூல் 'ஃபெயில்' என்றது. எக்ஸ்டர்னல் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டு லாக்கைப் பார்த்தார். "பதிலோட முதல் வரியில எச்டிடிபி 1.0ன்னு இருக்கே? 1.0-வா இருக்கறவன் மேல 1.1 சட்டத்தை எப்படிப் போடுவீங்க?"

நோட்டில் 'யார்' என்று அடிக்கோடிட்ட இடம் நினைவுக்கு வந்தது. 1.0-க்கான ஆர்எஃப்சி 1945, 1996-இல் வந்தது, அதில் ஹோஸ்ட் கட்டாயம் என்ற பேச்சே இல்லை. அதைச் சொல்லி, "இது ஃபெயில் இல்லை சார், முடிவில்லைன்னு வந்திருக்கணும்" என்றேன்.

"அதை உங்க டூல் சொல்லலையே, நீங்கதானே சொல்றீங்க" என்றார். சிரித்தார், ஆனால் ஏதோ குறித்துக்கொண்டார்.

இன்னொன்றும் கேட்டார்: டூல் சரியா என்று யார் பார்த்தது? அதற்கு, வேண்டுமென்றே விதி மீறும் பொய் சர்வர் ஒன்று எழுதி, 41 மீறலையும் டூல் பிடிக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். நாங்கள் எழுதியது நான்கு மீறலுக்குத்தான். உங்கள் முதல் வாரத்திலேயே அதை எழுதிவிடுங்கள், டூலுக்கும் முன்னால்.

டீம்மேட்டுக்கும் ஏ ப்ளஸ்தான். அந்த எடிட்டர் செட்டிங்கை ஆஃப் செய்துவிட்டாயா என்று நேற்று கேட்டேன். எந்த செட்டிங் என்றான்.