கட்டைவிரல் அளவில் ஒரு மந்திரவாதி

மந்திரவாதிகளும் டிராகன்களும் வரும் கார்டு விளையாட்டுகளில் ஒரு கார்டின் பரவலான அளவு 63 × 88 மில்லிமீட்டர். பெயர், விதிகள், ஓரச் சட்டம் எல்லாம் போனால் பல கார்டுகளில் ஓவியத்துக்குப் பாதி இடம்கூட மிஞ்சாது. அந்த ஓவியங்களை வரைய ஆசைப்பட்ட எனக்கு இது முன்பே தெரியும். ஆனால் என் கைக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

வேலை கேட்டு அனுப்பிய என் முதல் போர்ட்ஃபோலியோவில், அதாவது ஓவியத் தொகுப்பில், 20 ஓவியங்கள். நூறு வீரர்கள் மோதும் போர்க்களம், செதில் செதிலாக வரைந்த டிராகன்கள். அனுப்பிய இடங்களிலிருந்து பதிலே இல்லை. கடைசியில், கார்டு ஓவியங்களைத் தேர்வு செய்யும் ஓர் ஆர்ட் டைரக்டர் நேரில் பார்க்க நேரம் கொடுத்தார். எனக்கு மிகவும் பிடித்த ஓவியத்தை போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, "இதில் என்ன நடக்கிறது?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. அன்று இரவு 14 ஓவியங்களைத் தூக்கிவிட்டேன்.

அப்புறம் பழைய கார்டுகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டு 1993-இல் வந்தபோது அதில் கிறிஸ்டோபர் ரஷ் வரைந்த பிளாக் லோட்டஸ் என்ற கார்டு இருந்தது. படம் முழுக்க அந்தக் கருந்தாமரைதான். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் அது பூ என்று தெரியும். நானும் ஒரு கார்டுக்கு ஒரே செயல் என்று வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தேன்.

எட்டு மாதம் கழித்து முதல் வேலை வந்தது. குறிப்பு ஐந்தே வரிகள்: யார், எங்கே, என்ன செய்கிறான், என்ன மனநிலை, எந்த நிறம். கூடவே அந்த உலகத்தின் உடைகளையும் கட்டடங்களையும் விளக்கும் தடிமனான கையேடு. ஒரு வாரத்தில் மூன்று ஸ்கெட்ச் கொடுக்க வேண்டும். அதற்காக நோட்டில் முப்பது குட்டிப் படங்கள் போட்டேன். இரண்டாவது ஸ்கெட்ச் தேர்வானது, ஒரு திருத்தத்தோடு: "மந்திரவாதியின் கை உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. வெளியே எடுங்கள்." அந்த ஒரு வரியில் நான் கற்றது நிறைய. உருவத்தைக் கறுப்பாக நிரப்பினாலும் அவன் என்ன செய்கிறான் என்று தெரிய வேண்டும். போர்வையைப் போர்த்திக்கொண்டு, கீழிருந்து விளக்கடித்து, கையை நீட்டிப் புகைப்படம் எடுத்துப் பார்த்து வரைந்தேன். முடிக்க நான்கு வாரம்.

ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். படத்தின் உரிமை நிறுவனத்துக்குப் போனது. எண்ணெய் வண்ணத்தில் வரைந்ததால் மூல ஓவியம் என்னிடம் இருந்தது, அதை விற்கவும் அனுமதி இருந்தது. பணம் எப்போது வரும் என்ற வரியை மட்டும் நான் கவனிக்கவில்லை. மூன்று மாதம் கையைப் பிசைந்துகொண்டு இருந்தேன். கார்டு வெளியாகும்வரை யாரிடமும் காட்டக் கூடாது என்றும் ஒரு நிபந்தனை. அந்த மௌனம் கிட்டத்தட்ட ஒரு வருடம். என் வாழ்க்கையின் ஆகச் சிறந்த ஓவியம் அறைக்குள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

பிறகு ஒரு நாள் பார்சல் வந்தது. பின்பக்கம் வெறும் வெள்ளையாக, ஓவியருக்கென்றே அச்சடிக்கும் பிரதிகள். கீழே பொடி எழுத்தில் என் பெயர். அம்மாவிடம் ஒன்றைக் கொடுத்தேன். கண்ணாடி போடாமல், கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"யாருடா இது, கையில நெருப்பு வெச்சிருக்கான்?"