நான்கு கோடுகளும் ஒரு கேள்வியும்

அம்மா இறந்து மாதங்கள் கடந்தும் வகுப்பறையில் நின்று பாடம் நடத்த முடியவில்லை. கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் தமிழ்வழி ஆசிரியை நான். பாலக்காட்டில் ஓர் உளவியல் ஆலோசகரிடம் குறுகிய காலச் சிகிச்சைக்குச் சேர்ந்தேன்.

சிகிச்சை எந்த வாரத்தில் முடியும் என்பதை அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். எதைப் பேசுவது என்பதை மட்டும் என்னிடம் விட்டார். பேச்சை வருபவரிடமே விடுவது அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வகுத்த வழி. பேசுபவரின் நிலையில் நின்று உணர்வது, நிபந்தனையின்றி ஏற்பது, பாசாங்கில்லாமல் இருப்பது ஆகியவை மாற்றத்துக்கு இன்றியமையாதவை என்று 1957இல் அவர் எழுதினார். துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேரிடமும் அறிவுரை கேட்டுச் சலித்திருந்த எனக்கு, அறிவுரையே சொல்லாத ஒருவர் எதிரில் இருந்தது பெரும் விடுதலை.

ஆனால் வாரங்கள் குறைவு. பேச்சோ தென்னந்தோப்புப் பங்கைப் பற்றியும் அண்ணனைப் பற்றியுமே சுற்றியது. அதை மாற்றியது அமர்வு மதிப்பீட்டுத் தாள் (Session Rating Scale) என்ற ஒரு தாள். ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள நான்கு கோடுகளில் குறியிட வேண்டும்: என்னைப் புரிந்துகொண்டாரா, நான் விரும்பியதைப் பேசினோமா, அணுகுமுறை பொருந்தியதா, மொத்தத்தில் எப்படி. கோட்டுக்குப் பத்து வீதம் கூட்டினால் அதிகபட்சம் நாற்பது, முப்பத்தாறுக்குக் கீழே போனால் அதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். மனத்தை அளவுகோலால் அளப்பதா என்று முதலில் தோன்றும். எனக்கோ, பெரியவர்கள் முன் வாயால் சொல்லத் தயங்கும் குறையைப் பேனா சொல்லிவிட்டது.

இரண்டாவது கோட்டில் மிகத் தாழ்வாகக் குறித்தேன். ஆலோசகர் முகம் சுளிக்கவில்லை. “எதைப் பேசாமல் விட்டுவிட்டோம் டீச்சர்?” என்றார். கடைசி நாட்களில் அம்மா என்னைப் பார்த்து “நீங்க யாரும்மா?” என்று கேட்டதைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் சமாதானம் சொல்லவில்லை. “பெற்ற தாய்க்கே அந்நியமாகிவிட்டீர்கள்” என்றார். அழுது தீர்த்தேன்.

அதன் பிறகு, பேச வேண்டிய ஒன்றைப் பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டு போனேன். குறுகிய காலச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் அந்தத் தாளைத் தாங்களாகவே கேட்டு வாங்குங்கள். மனம் நோகுமே என்று முழு மதிப்பெண் போடாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அமர்வுவரை காத்திருக்காமல் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலும் பேசலாம்.